பிள்ளையின் போக்கறிந்து கற்பித்தல்

(எட்டயபுரத்தில் கூடிய கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கு ஓய்வுபெற்ற உபாத்தியாயர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



கடன், வட்டி, உரம், விதை, கொள்முதல் விலை ஆகிய விஷயங்களைப் பேசுவதற்காகவே கூடும் இக்கூட்டத்தில், சிறு குழந்தைகளின் படிப்பைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். "சங்கத்திற்கும் குழந்தைப் படிப்பிற்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் நினைக்கக்கூடும். சம்பந்தம் உண்டு என்பதையும், இவ்விஷயத்தில் சங்கத்தால் ஆகக்கூடிய காரியங்கள் சில உண்டு என்பதையும் எடுத்துச் சொல்வதே என் நோக்கம்.

உங்களிடம் ஒருவர் கடன் கேட்டு வந்தால் முதலில் என்ன விசாரிக்கிறீர்கள்? நிலம் கரிசலா, செவலா, கடலோரத்து மணலா என்று கேட்கிறீர்கள். பருத்தியா, கம்பா, உளுந்தா, மிளகாயா என்று கேட்கிறீர்கள். கரிசல் காட்டிற்கு ஐப்பசி மழையை நம்பி விதைப்பவருக்கு ஒரு தவணை; கிணற்றுப் பாசனம் உள்ளவருக்கு வேறொரு தவணை. எல்லா நிலத்திற்கும் ஒரே நாளில் ஒரே விதையை விதைக்கச் சொல்லுகிறவரை நீங்கள் விவசாயி என்று ஒப்புக்கொள்ள மாட்டீர்கள். ஆனால் நாற்பது குழந்தைகளை ஓர் அறையில் உட்கார்த்தி, நாற்பது பேருக்கும் ஒரே பக்கத்தை ஒரே மணியில் புகட்டி, அது முளைக்காத இடத்தில் "மக்கு" என்று பெயரிடுவதை மட்டும் நாம் நெடுங்காலமாகப் பொறுத்து வந்திருக்கிறோம். நிலத்தின் குணம் அறிந்து விதைக்கும் நீங்கள், குழந்தையின் குணம் அறிந்து கற்பிக்கும் முறையையும் எளிதில் விளங்கிக் கொள்வீர்கள் என்ற நம்பிக்கையோடு பேசுகிறேன்.

நான் செய்த பிழை

பிறர் பிழையைச் சொல்வதற்கு முன் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன், இங்கிருந்து கிழக்கே கடலை நோக்கிச் செல்லும் வழியில், பனங்காட்டை அடுத்த ஒரு கிராமத்து ஆரம்பப் பாடசாலையில் நான் உபாத்தியாயராக இருந்தேன். ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன். தகப்பனார் பனையேறி, தாயார் பதநீர் காய்ச்சுபவர். பங்குனியில் பருவம் தொடங்கிவிட்டால் ஆடி முடியும் வரை அவன் வருகை ஒழுங்காக இராது. வந்த நாட்களிலும் பலகையில் எழுதிய பின்னக் கணக்குகளைப் பார்த்துத் திகைத்து நிற்பான். ஒரு நாள், 18-ஐ இரண்டே முக்காலால் பெருக்கும்படி சொன்னேன். அவன் பலகையைப் பார்த்தான், என் கையிலிருந்த பிரம்பைப் பார்த்தான், ஒன்றும் எழுதவில்லை. பிரம்பால் இரண்டு அடி கொடுத்து, "மண்டு, உனக்குக் கணக்கு வராது" என்றேன். மறுநாள் அவன் வரவில்லை.

அடுத்த வாரம் சந்தைக்குப் போயிருந்தேன். அங்கே ஓலைப் பெட்டியில் கருப்பட்டியை வைத்துக்கொண்டு அதே பையன் உட்கார்ந்திருந்தான். ஒருவர் இரண்டே முக்கால் கிலோ நிறுக்கச் சொன்னார். கிலோ பதினெட்டு ரூபாய். பையன் தராசை இறக்குமுன்பே, "ரெண்டு கிலோ முப்பத்தாறு, அரை ஒம்பது, கால் நாலரை, ஆக நாப்பத்தொம்பதரை" என்றான். நான் பலகையில் கேட்ட கணக்கு அதுவேதான், எண்கள்கூட மாறவில்லை. கணக்கு அவனிடம் இருந்தது. என் பலகையிலிருந்து அவன் சந்தைக்குச் செல்லும் வழிதான் இல்லை. அந்த வழியை அமைக்க வேண்டியது என் கடமை. நானோ அதைச் செய்யாமல் அவனை அடித்தேன். பிறகு வீட்டிற்குச் சென்று கூப்பிட்டும் அவன் பாடசாலைக்குத் திரும்பவில்லை. என்னுடைய உத்தியோக காலத்தில் எத்தனையோ பிள்ளைகள் தேறினார்கள். ஆயினும் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருபவன் அந்தப் பையனே.

பிற தேசங்களிலும் கண்ட உண்மை

இது என் ஒருவன் அநுபவம் மட்டும் அன்று. பிரேசில் தேசத்தில் ரெசிஃபே என்ற நகரத்தில், தெருவில் தேங்காயும் பழமும் விற்ற சிறுவர்களை மூன்று ஆராய்ச்சியாளர்கள் சோதித்து, 1985-இல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். வியாபாரத்தின் நடுவே கேட்ட கணக்குகளில் நூற்றுக்கு 98 சரியாக வந்தன. அதே சிறுவர்களுக்கு அதே வகைக் கணக்குகளை வெறும் எண்களாகக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தபோது நூற்றுக்கு 37 மட்டுமே சரியாக வந்தன. சோதித்த சிறுவர்கள் ஐவரே. எனினும் அந்த ஆராய்ச்சி உலகமெங்கும் உபாத்தியாயர்களைச் சிந்திக்க வைத்தது.

நமது தேசத்திலேயே கல்கத்தாவிலும் டில்லியிலும் சந்தைகளில் வேலை செய்யும் ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறுவர் சிறுமியரைச் சோதித்து 2025-இல் வெளியான பெரிய ஆராய்ச்சி ஒன்று, இதன் மறுபக்கத்தையும் காட்டியது. சந்தைப் பிள்ளைகள் விலைக் கணக்கை மனத்திலேயே போட்டார்கள்; பாடசாலைக் கணக்கில் தடுமாறினார்கள். பாடசாலைக்கு மட்டும் போகும் பிள்ளைகளோ ஏட்டுக் கணக்கைப் போட்டார்கள். சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் பழமொழி. கறிக்கு ஆகும் சுரைக்காயை ஏட்டில் ஏற்றும் வித்தையையும் நாம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரவில்லை என்பதையும் இதனுடன் சேர்த்துக்கொள்ள வேண்டும். இரண்டையும் இணைப்பதே உபாத்தியாயரின் வேலை.

திண்ணைப் பள்ளிக்கூடத்தின் நன்மையும் தீமையும்

நம் முன்னோர் இதைப் பற்றி ஒன்றும் அறியாதவர்கள் என்று எண்ண வேண்டாம். சென்னை மாகாணத்துக் கவர்னராக இருந்த சர் தாமஸ் மன்றோ 1822-இல் நாட்டுப் பள்ளிக்கூடங்களைக் கணக்கெடுக்க உத்தரவிட்டார். 1826-இல் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிக்கூடங்களும் 1,88,650 மாணாக்கர்களும் இருந்தார்கள். அவர்களுள் பெண்கள் 4,540 பேர் மட்டுமே என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அப்பள்ளிகளில் குழந்தை முதலில் விரலால் மணலில் எழுதிற்று. எழுத்தின் வடிவம் கண்ணுக்கு முன் கைக்குப் பழக்கமாயிற்று, தவறினால் அழித்துவிட்டு மறுபடி எழுதலாம், செலவும் இல்லை. மூத்த மாணாக்கனாகிய சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தான். 1789 முதல் 1796 வரை சென்னையில் அநாதைச் சிறுவர் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதையும், மூத்தோர் இளையோருக்குக் கற்பிக்கும் முறையையும் தம் பள்ளியில் கையாண்டார். சீமைக்குத் திரும்பியபின் 1797-இல் அதைப் பற்றி ஒரு புஸ்தகம் வெளியிட்டார். அம்முறை "சென்னை முறை" என்ற பெயரோடு இங்கிலாந்தில் பரவிற்று. எண்சுவடியில் கால், அரைக்கால், மா, காணி என்று நம்மவர் மனனம் செய்த பின்னங்களின் வழியில்தான் என் சந்தைப் பையனும் இரண்டே முக்காலைப் பிரித்துக் கணக்கிட்டான்.

ஆனால் அதே திண்ணையில்தான் கோதண்டமும் இருந்தது. பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிட்டு அடித்ததும் நம் பழைய முறையே. பொருள் தெரியாமல் நெட்டுருப் போட வைத்ததும் அதுவே. ஆகையால், பழையது என்பதற்காக எல்லாவற்றையும் கொள்ளவும் வேண்டாம். எல்லாவற்றையும் தள்ளவும் வேண்டாம். மணலையும் சட்டாம்பிள்ளையையும் வைத்துக்கொண்டு கோதண்டத்தை விட்டுவிடுவோம். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பிள்ளைகளை அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்திருக்கிறது.

இவ்வூர்ப் பிள்ளை ஒருவர்

எட்டயபுரத்தில் நின்றுகொண்டு இவ்விஷயத்தைப் பேசுகையில் 1882-இல் இங்கே பிறந்த சுப்பிரமணியன் என்ற பிள்ளையை நினைக்காமல் இருக்க முடியாது. ஐந்து வயதில் தாயை இழந்தார். தகப்பனார் சின்னசாமி ஐயர் கணிதத்திலும் யந்திர நுட்பங்களிலும் வல்லவர். மகனும் அவ்வழியில் செல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டார். மகன் மனமோ செய்யுளில் இருந்தது. தகப்பனார் நல்லெண்ணத்தோடு 1894-இல் திருநெல்வேலி இந்துக் கலாசாலைக்கு அனுப்பினார். அந்தப் படிப்பினால் தமக்கு எள்ளளவு நன்மையும் விளையவில்லை என்று பிற்காலத்தில் தம் சுயசரிதைச் செய்யுளில் அவர் வருந்தி எழுதினார். அவர் திறமையைக் கண்டுகொண்டது எந்தப் பரீக்ஷையும் அன்று. இவ்வூர்ச் சபையில் புலவர்கள் உட்கார்ந்து ஒரு சிறுவன் சொல்வதைச் செவிகொடுத்துக் கேட்டார்கள். பதினோராம் பிராயத்தில் "பாரதி" என்று பெயரிட்டார்கள்.

எல்லாப் பிள்ளைகளும் பாரதியார் ஆவார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படி எதிர்பார்ப்பதும் குழந்தைகளுக்கு ஒரு பாரமே. பெரியவர்கள் சிறிது நேரம் அமைதியாக இருந்து பிள்ளை என்ன சொல்கிறது, என்ன செய்கிறது என்று கவனித்தாலொழிய அதனிடம் இருப்பது வெளிப்படாது. இதையே சொல்ல விரும்புகிறேன். அவரே பெரியவரான பின் தேசியக் கல்வியைப் பற்றி ஒரு வியாசம் எழுதினார். கிராமத்தார் தாங்களே கூடிப் பள்ளிக்கூடம் ஏற்படுத்த வேண்டும், பாடங்கள் தமிழில் நடக்க வேண்டும், கைத்தொழிலும் விவசாயமும் தோட்ட வேலையும் பாடத்தில் சேர வேண்டும், சாஸ்திரங்களைப் பரிசோதனை செய்து காட்ட வேண்டும் என்பவை அதில் அவர் சொன்ன யோசனைகளுட் சில.

முற்றத்திற்கு வந்த பள்ளிக்கூடம்

இதாலியா தேசத்து மரியா மாண்டிசோரி அம்மையார் 1907-இல் ரோமாபுரியின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்தார். யுத்தம் மூண்டதால் திரும்ப இயலாமல் 1946 வரை இந்தியாவில் தங்கி, அடையாற்றிலும் கோடைக்கானலிலும் இருந்து பல உபாத்தியாயர்களைப் பழக்கினார். உப்புக் காகிதத்தில் வெட்டி ஒட்டிய எழுத்தைக் குழந்தை விரலால் தடவிக் கற்பது அவர் முறை. நம் திண்ணை மணலுக்கு அது தூரத்து உறவு என்பதை நீங்களே காண்பீர்கள்.

அம்முறைக்கு விலையுயர்ந்த சாமான்கள் வேண்டியிருந்தன. கிராமத்திற்கு அது ஒத்துவருமா என்ற கேள்விக்கு விடை கண்டவர் தாராபாய் மோடக் அம்மையார். குஜராத்தில் கிஜுபாய் பதேக்காவுடன் பாவநகரில் வேலை செய்தபின், பம்பாய் மாகாணத்துப் போர்டி என்ற கடலோரக் கிராமத்தில் 1945-இல் பாலர் கல்வி நிலையம் தொடங்கினார். அநுதாய் வாக் அம்மையார் அவருக்குத் துணையாக இருந்தார். ஏழைக் குழந்தைகள் பள்ளிக்கு வராததைக் கண்டு, பள்ளியையே அவர்கள் குடியிருப்பின் முற்றத்திற்குக் கொண்டு சென்றார்கள். கூழாங்கல், விதை, இலை, சிப்பி இவையே சாமான்கள். பிற்காலத்தில் கோஸ்பாட்டில் ஆடு மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்கு மேய்ச்சல் வெளியிலேயே பாடம் நடத்தினார்கள். "அங்கன்வாடி" என்று இன்று நாம் சொல்லுவது முற்றத்தைக் குறிக்கும் சொல்லேயாகும். 1975 அக்டோபர் 2-ஆம் தேதி சர்க்காரின் குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது அப்பெயர் தேசமெங்கும் பரவிற்று.

நமது ராஜ்யத்தில் நடந்தவை

பசித்த பிள்ளைக்கு எந்த முறையும் பயன்படாது. இதை உணர்ந்து காமராஜர் 1956-இல் பள்ளி மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தது இந்த எட்டயபுரத்தில்தான். உணவுக்கு அடுத்தபடி முறையிலும் மாறுதல்கள் வந்தன. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007-இல் ராஜ்யம் முழுவதும் பரவிற்று. பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஆளுயரக் கரும்பலகை பிள்ளை உயரத்திற்கு இறங்கியது. அட்டைகளைக் கொண்டு ஒவ்வொரு பிள்ளையும் தன் ஏணியில் தன் வேகத்தில் ஏறிற்று. கொள்ளை நோயால் 2020 மார்ச்சு முதல் பள்ளிகள் மூடிக் கிடந்தபின், 2022-இல் முதல் மூன்று வகுப்புகளுக்காக "எண்ணும் எழுத்தும்" திட்டம் வந்தது. அதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளாகப் பிரித்து, நிலைக்கேற்ற பாடம் தரும்படி ஏற்பாடு செய்யப்பட்டது.

இவை வெறும் பேச்சா, பலன் உண்டா என்று நீங்கள் கேட்பது நியாயம். கொள்ளை நோய்க்குப் பின் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறக்குறைய 19,000 குழந்தைகளைச் சோதித்த ஆராய்ச்சியில், மொழியைவிடக் கணக்கிலேயே நஷ்டம் அதிகம் என்று தெரிந்தது. பள்ளிகள் திறந்து ஆறு மாதங்களுக்குள் அந்நஷ்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அப்படி மீண்டதில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு, 2021-இல் தொடங்கிய "இல்லம் தேடிக் கல்வி" என்னும் மாலை வகுப்புகளால் விளைந்தது. அவ்வகுப்புகளை நடத்தியவர்கள் பெரும்பட்டம் பெற்ற உபாத்தியாயர்கள் அல்லர். அந்தந்தக் கிராமத்துத் தொண்டர்களே. நம் ராஜ்யத்து அங்கன்வாடிகளில் நடந்த இன்னொரு ஆராய்ச்சியில், ஒரு மையத்திற்கு அரைநாள் வேலை செய்யும் துணையாளர் ஒருவரைக் கூடுதலாக நியமித்ததில், குழந்தைகளுக்குப் பாடம் நடக்கும் நேரம் இருமடங்காயிற்று. கணக்கும் மொழியும் முன்னேறின. போஷாக்குக் குறைவும் தணிந்தது.

"ஏற்ற முறை" என்றால் என்ன?

இங்கே ஒரு தவறான எண்ணத்தை விலக்க வேண்டும். "இவன் கண்ணால் கற்பவன், அவள் காதால் கற்பவள், மற்றொருவன் கையால் கற்பவன்" என்று பிள்ளைகளைப் பிரித்து முத்திரை குத்துவது ஒரு காலத்தில் பல தேசங்களில் பரவிற்று. அமெரிக்க மனோதத்துவ நிபுணர்கள் நால்வர் 2008-இல் இதற்கான ஆதாரங்களை எல்லாம் பரிசீலித்து, அப்படிப் பிரித்துக் கற்பிப்பதால் நன்மை உண்டென்பதற்குப் போதிய சான்று இல்லை என்று முடிவு கூறினார்கள். தூத்துக்குடியில் 1961-இல் கடைசியாக முத்துக் குளிப்பு நடந்தது வரையில், எடுத்த முத்துக்களைப் பித்தளைச் சல்லடைகளில் இட்டுப் பருமன்வாரியாகப் பிரிப்பது வழக்கம். முத்து வளராது, ஆகையால் சல்லடை பொருந்தும். பிள்ளை நாளுக்கு நாள் வளருவது. அதற்குச் சல்லடை பொருந்தாது.

அப்படியானால் பிள்ளைக்கு ஏற்ற முறை எது? என் அநுபவத்தில் மூன்று விஷயங்களைக் கவனித்தால் போதும்.

முதலாவது, நிலை. வயதையும் வகுப்பையும் பாராமல், பிள்ளை இப்போது எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஓர் எழுத்து, ஒரு சொல், ஒரு பத்தி, ஒரு சிறு கதை ஆகியவற்றை வரிசையாக வாசிக்கச் சொன்னால் ஐந்து நிமிஷத்தில் நிலை தெரிந்துவிடும். 2005 முதல் தேசமெங்கும் வீடுவீடாகச் சென்று பிள்ளைகளைச் சோதித்தவர்கள் இம்முறையையே கையாண்டார்கள். நின்ற படியிலிருந்து அடுத்த படிக்கு ஏற்றுங்கள்.

இரண்டாவது, பேச்சு. நம் கரிசல் கிராமங்கள் பலவற்றில் வீட்டில் தெலுங்கு பேசுகிறார்கள், சிலவற்றில் கன்னடம். அக்குழந்தை முதல் நாள் பள்ளியில் மௌனமாக இருந்தால் அது மந்தபுத்தி அன்று. சொல் கிடைக்காமல் இருக்கிறது. வீட்டுச் சொல்லிலேயே முதலில் பேசவிட்டு, அதன் பக்கத்தில் தமிழ்ச் சொல்லை வைக்க வேண்டும்.

மூன்றாவது, கை. எழுத்தை "அ" விலிருந்துதான் தொடங்க வேண்டும் என்ற நியதி இல்லை. "அ" சுழியும் வளைவும் உள்ள கடின வடிவம். "ட", "ப", "ம" ஆகியவை எளிய வடிவங்கள். இம்மூன்றும் ஒரு புள்ளியும் தெரிந்தவுடன் படம், பட்டம், மடம், மட்டம் என்று பிள்ளை வாசிக்கத் தொடங்கிவிடும். எண்ணுக்குப் புளியங்கொட்டையும் பல்லாங்குழியும் இருக்கின்றன. பின்னத்திற்கு உங்கள் வீட்டுத் தராசும் படியும் இருக்கின்றன.

ஆக்ஷேபங்களுக்குச் சமாதானம்

"அடியாத மாடு படியாது" என்று சிலர் சொல்லுவார்கள். மாட்டை அறிந்தவர்கள் நீங்கள். புதுக் காளையை ஏரில் பூட்டும்போது அதை அடித்துக்கொண்டே இருப்பவர் மாட்டைக் கெடுப்பவர் என்பது உங்களுக்குத் தெரியும். பழகிய மாட்டோடு சேர்த்துப் பூட்டி, சிறிது சிறிதாகப் பழக்குகிறீர்கள். பயந்த பிள்ளை விடையைத் தேடாது. தப்பும் வழியையே தேடும்.

"விளையாட்டாகவே இருந்தால் பரீக்ஷையில் தேறுமா?" என்பது இரண்டாவது ஆக்ஷேபம். கொட்டையை எண்ணுவதோடு நிறுத்திவிட்டால் தேறாதுதான். கொட்டையை எண்ணியபின் அதே கணக்கை மணலிலும், பிறகு பலகையிலும் எழுத வேண்டும். கையிலிருந்து ஏட்டுக்குச் செல்லும் இந்தப் படியை நான் அந்தப் பையனுக்கு அமைத்துக் கொடுக்கவில்லை. இம்முறையைச் சோம்பலாக நடத்தினால் அட்டைகள் பெட்டியில் தூசி படிந்து கிடக்கும். அதையும் நான் கண்டிருக்கிறேன்.

"எங்களுக்கே எழுத்துத் தெரியாது, நாங்கள் எப்படிச் சொல்லிக் கொடுப்பது?" என்பது தாய்மார்களின் கேள்வி. பிள்ளையைச் சந்தைக்கு அழைத்துப் போய்ச் சில்லறையை எண்ணச் சொல்லுங்கள். இரவில் ஒரு கதை சொல்லி, மறுநாள் அதைத் திருப்பிச் சொல்லக் கேளுங்கள். சொல்வளமும் நினைவும் அங்கேயே உண்டாகின்றன. அதற்கு எழுத்துத் தேவையில்லை.

சங்கம் செய்யக்கூடியவை

இனி, உங்கள் யோசனைக்கு ஐந்து காரியங்களை வைக்கிறேன்.

1. சங்கத்துக் கிட்டங்கியின் தாழ்வாரம் மாலை வேளையில் வெறுமையாக இருக்கிறது. அதை நாள்தோறும் ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளுக்கு விடலாம். விளக்கும் பாயும் குடிநீரும் வேண்டும். வேறு கட்டிடம் வேண்டாம். பிள்ளைகளை வகுப்புவாரியாக அன்றி நிலைவாரியாக மூன்று குழுக்களாக உட்கார்த்த வேண்டும். மூத்தவர் இளையவருக்குச் சொல்லிக் கொடுக்கட்டும்.

2. ஒரு மரப்பெட்டி. அதில் மணல் தட்டு, புளியங்கொட்டை, சோழி, படி, உழக்கு, சிறு தராசு, கதைப் புஸ்தகங்கள். இவற்றுள் பெரும்பாலானவை அங்கத்தினர் வீடுகளிலேயே கிடைக்கும். புஸ்தகத்திற்கு மட்டும், சட்டத்திற்கும் துணைவிதிகளுக்கும் உட்பட்டு, சங்கத்தின் பொதுநல நிதியிலிருந்து ஒரு சிறு தொகை ஒதுக்கலாம்.

3. அங்கன்வாடிக்கு அரைநாள் துணையாளராக, பள்ளிப் படிப்பு முடித்த உள்ளூர்ப் பெண் ஒருவரை, சம்பந்தப்பட்ட இலாகாவின் அநுமதியோடு, சங்கத்தின் செலவில் ஓராண்டு சோதனையாக அமர்த்தலாம். இதன் பலன் என்னவென்று முன்பே கூறினேன்.

4. பனைப் பருவத்திலும் பருத்தி எடுக்கும் காலத்திலும் பள்ளிக்கு வராமற்போகும் பிள்ளைகளின் பட்டியலை அங்கத்தினர்கள் தயாரித்து, பள்ளி மேலாண்மைக் குழுவிடம் கொடுக்க வேண்டும். அக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும் என்பது சட்டம். அவ்விடத்தை வெறுமையாக விடாதீர்கள். பருவ காலத்தில் கடன் தவணையைக் காட்டி ஒரு குடும்பம் பிள்ளையின் படிப்பை நிறுத்தும் நிலை வந்தால், அதைச் சங்கம் விசாரித்துத் தவணையை ஒத்திவைக்கும் வழியைப் பார்க்க வேண்டும். கடனுக்குப் பிள்ளை ஈடு ஆகக் கூடாது.

5. மாதாந்திரக் கூட்டத்தின் முதல் கால் மணி நேரத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். ஒருவன் கதை சொல்லட்டும். ஒருத்தி கணக்கை வாய்விட்டுப் போடட்டும். பரிசு வேண்டாம், வரிசை வேண்டாம். நீங்கள் உட்கார்ந்து கேட்டால் போதும்.

இவற்றுள் ஐந்தையும் இன்றே ஏற்க வேண்டியதில்லை. முதல் காரியத்தை மட்டும் இன்று தீர்மானமாக எழுதிக்கொண்டு, ஆறு மாதம் நடத்திப் பாருங்கள். ஆரம்பத்திலும் முடிவிலும் ஒவ்வொரு பிள்ளையின் நிலையையும் நான் சொன்ன நான்கு படிகளால் சோதித்து, சங்கத்துப் பேரேட்டிலேயே ஒரு பக்கத்தில் குறித்து வையுங்கள். வரவு செலவைத் தணிக்கை செய்வது போல இதையும் தணிக்கை செய்யுங்கள். பலன் இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள். நான் ஆக்ஷேபிக்க மாட்டேன்.

இவ்வூரில் பாரதியாருக்கு எழுந்துள்ள மணிமண்டபம் பொதுஜனங்கள் கொடுத்த நன்கொடைகளால் கட்டப்பட்டு 1947-இல் திறக்கப்பட்டது. சிறு தொகைகள் சேர்ந்தால் எவ்வளவு பெரிய காரியம் நடக்கும் என்பதைச் சங்கத்து அங்கத்தினர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பாடசாலையை விட்டுச் சென்ற என் மாணாக்கன் இப்போது எங்கே இருக்கிறானோ அறியேன். அவன் வயதுக்கு அவன் பிள்ளைகளும் படிக்கும் பிராயத்தில் இருக்கக்கூடும். அவர்கள் கிட்டங்கித் தாழ்வாரத்திற்கு வந்தால், சந்தையில் கற்ற கணக்கோடு வரட்டும். அதைப் பலகையில் எழுதும் வழியை, இம்முறை பிரம்பில்லாமல், நாம் காட்டிக் கொடுப்போம்.

மாலை வகுப்பிற்கு வாரம் மூன்று நாள் நானே வந்து உதவி செய்ய இசைகிறேன்.